வாசகம் முதலில் பேசட்டும்

எங்கள் வீட்டில் இரண்டு பைபிள் இருக்கின்றன. ஒன்று என்னுடைய திருவிவிலியம், 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு. இன்னொன்று என் மாமியாருடைய பழைய வேதாகமம், கறுப்பு அட்டை, தாள் ஓரம் சிவப்பு. நான் பிறந்தது தூத்துக்குடியில், பனிமய மாதா கோவில் மணிச்சத்தம் கேட்கிற தெருவில். வாழ்க்கைப்பட்டது எங்கள் மாவட்டத்து நாசரேத் ஊருக்குப் பக்கத்தில், ஒரு சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை) குடும்பத்தில். நான் கத்தோலிக்கப் பெண். எனக்குத் திருப்பாடல், அவர்களுக்குச் சங்கீதம். எனக்குச் செபம், அவர்களுக்கு ஜெபம். ஒரே அடுப்படியில் இரண்டும் பல வருஷம் ஓடின.

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். காலை எட்டு மணிக்கு மேல் மெஷினும் வாசலில் நிற்கிறவர்களும் என்னை விடமாட்டார்கள். அதனால் அன்றன்றைய பைபிள் வாசகத்தைச் செபமாக்க இங்கே சொல்லப்போவது மடத்தில் இருப்பவர்களுக்கான முறை இல்லை. விடிகாலையில் இருபது நிமிஷமும் படுக்கப்போகுமுன் ஐந்து நிமிஷமும் ஒதுக்க முடிந்தவர்களுக்கு.

கல்யாணமாகிச் சில வருஷம் வரை என் காலைச் செபம் ஏழு நிமிஷத்தில் முடிந்துவிடும். பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை, திரித்துவப் புகழ். அப்புறம் என் பட்டியல்: கடன், பையன் படிப்பு, அம்மாவின் முழங்கால். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். ஒருநாள் அத்தை திண்ணையில் இருந்து கேட்டார்: "ஏ பிள்ள, நீ பேசி முடிச்சிட்டு எந்திரிச்சிட்டியே. அவரு என்ன சொன்னாருன்னு கேட்டியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மனப்பாடச் செபத்தை அத்தை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதை நான் மட்டமாக நினைக்கவில்லை. 1542-ல் புனித சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபோது, செபங்களைத் தமிழில் ஆக்கி, மணி அடித்து ஊரைக் கூட்டி, வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். எழுத்துத் தெரியாத எங்கள் பாட்டிகளின் வாயில் அது நானூறு வருஷத்துக்கு மேல் அழியாமல் இருந்தது. மனப்பாடம் என்றால் லேசான காரியமா? ஆனால் அத்தை கேட்டது வேறு கேள்வி. பேச்சு என்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். நான் மட்டும் பேசிவிட்டு எழுந்து போகிறேன் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அது புரிய எனக்குச் சில வருஷம் ஆயிற்று. புரிந்த பிறகு கத்தோலிக்கரின் தினசரி வாசக அட்டவணையையும் (ஒவ்வொரு நாள் பூசைக்கும் பைபிளில் முதல் வாசகம், திருப்பாடல், நற்செய்தி எது என்று குறித்திருப்பது) அத்தையின் பழக்கத்தையும் சேர்த்துத் தைத்துக்கொண்டேன்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பைபிள், அன்றைய வாசகக் குறிப்பு உள்ள ஒரு காலண்டர், நாற்பது பக்க நோட்டு, பென்சில். அவ்வளவுதான். பங்குக் கோவில்களில் டிசம்பர் சமயம் விற்கிற காலண்டரில் தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் வாசகங்கள் போட்டிருக்கும். '1 சாமு 3:1-10, 19-20, திபா 40, மாற் 1:29-39' என்பது போல. முதலில் வருவது நூலின் சுருக்கம், அடுத்து அதிகாரம், முக்காற்புள்ளிக்கு அப்புறம் வசன எண். நடுவில் வசனம் தாண்டினால் காற்புள்ளி. 'திபா' என்றால் திருப்பாடல். சிஎஸ்ஐ வீட்டார் சங்கீதம் என்று எடுத்துக்கொள்ளலாம், எண் ஒன்றுதான். பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் மட்டும் பெரும்பாலான சங்கீதங்களுக்கு எண் ஒன்று குறைவாக இருக்கும், 23 அங்கே 22. குழம்ப வேண்டாம்.

இந்த அட்டவணை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற திருச்சபை மாமன்றத்துக்குப் பிறகு 1969-ல் வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்று வருஷச் சுற்று: ஒரு வருஷம் மத்தேயு எழுதிய நற்செய்தி, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்து மீதி வராவிட்டால் அது லூக்கா வருஷம், 2025 போல. புது வருஷம் ஜனவரியில் அல்ல, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறில் தொடங்கும். யோவான் எங்கே என்று கேட்காதீர்கள். தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் நிறைய வருவார். பொதுக்காலத்து (பெருவிழாக் காலங்கள் அல்லாத) வார நாள்களில் முதல் வாசகத்துக்கு இரண்டு வருஷச் சுற்று, ஒற்றைப்படை, இரட்டைப்படை. நற்செய்தி எல்லா வருஷமும் ஒன்றே. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இன்றைக்கு எதைப் படிப்பது என்று நாம் தேட வேண்டாம், அது ஏற்கெனவே நமக்காகக் காத்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய நிம்மதி.

நமக்குப் பிடித்ததையே தேடிப் படித்தால் வருஷம் முழுக்க நாலு வசனத்தில் சுற்றிக்கொண்டிருப்போம். இதற்கு நானே சாட்சி.

இன்னொரு பழக்கமும் என்னிடம் இருந்தது. கண்ணை மூடி பைபிளைத் திறந்து, விரல் பட்ட இடத்தைக் கடவுள் சொன்ன பதிலாக எடுத்துக்கொள்வது. மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலையில் அப்படித்தான் விரலை வைத்தேன். 1 குறிப்பேடு 26. ஆலய வாயில் காவலர்களின் பெயர்ப்பட்டியல். கிழக்கு வாசலுக்கு யார், வடக்கு வாசலுக்கு யார் என்று சீட்டுப் போட்டிருக்கிறார்கள். மகள் வாட்ச்மேன் வேலைக்குத்தான் போவாளா என்று அவள் அப்பா சிரித்தார். அன்றோடு விட்டேன்.

முந்தின இரவு

காலையில் பக்கம் தேடினால் தூக்கக் கலக்கத்தில் அதற்கே ஐந்து நிமிஷம் போய்விடும். அதனால் இரவே அடையாளம் வைத்துவிடுகிறேன். பிளவுஸ் வெட்டியதில் மிஞ்சும் பைப்பிங் துணியில் மூன்று பட்டி: முதல் வாசகத்துக்குப் பச்சை, திருப்பாடலுக்கு மஞ்சள், நற்செய்திக்கு அரக்கு. வைக்கும்போது நற்செய்தியை மட்டும் ஒருமுறை ஓட்டமாகப் பார்த்துவிட்டுப் படுப்பேன். தோசை மாவைக் கரைத்து மூடி வைப்பது மாதிரி. ராத்திரி அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

போனில்தான் படிக்க முடியும் என்றால் படியுங்கள், குற்றம் இல்லை. ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நான் இரண்டு வருஷம் போனில் படித்தேன். நற்செய்தி பாதியில் இருக்கும்போது 'அக்கா, கை கொஞ்சம் லூசா இருக்கு' என்று மேலே ஒரு மெசேஜ் இறங்கும். அதோடு செபம் முடிந்தது.

காலை இருபது நிமிஷம்

பொதுவாகச் சொல்வதைவிட, ஒரு நாளை அப்படியே காட்டுகிறேன்.

2024 ஜனவரி 10, புதன்கிழமை. பொங்கலுக்கு ஐந்து நாள். தைக்க வேண்டிய பிளவுஸ் 31 கிடந்தது. குழாயில் தண்ணீர் வருமுன் எழுந்து, முகம் கழுவி, மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அப்படி உட்காருவது முக்கியம். மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மனம் ஊக்கு தைக்கப் போய்விடும்.

முதலில் சிலுவை அடையாளம். அப்புறம் ஒரே ஒரு வரி: "பேசும், உம் அடியேன் கேட்கிறேன்." எப்போதும் இதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு முதல் வாசகமே அதுவாக இருந்தது. சிறுவன் சாமுவேல் தூக்கத்தில் குரல் கேட்டு, கூப்பிட்டது ஏலி என்று நினைத்து மூன்று தடவை அவரிடம் ஓடுகிறான். மூன்றாம் தடவைதான் கிழவருக்கே விளங்குகிறது. அதனால் முதல் தடவை படித்ததும் ஒன்றும் புரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

நற்செய்தியை மூன்று தடவை படிக்க வேண்டும், வாய்விட்டு. முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை மெதுவாக, எந்த வார்த்தையில் நாக்கு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு. நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்றாம் தடவை அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள நாலைந்து வசனம் மட்டும்.

அன்றைய பகுதி மாற்கு முதல் அதிகாரம். சீமோனுடைய மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். இயேசு வந்து கையைப் பிடித்துத் தூக்குகிறார். சாயங்காலம் ஊரே வாசலில் கூடிவிடுகிறது. மறுநாள் விடியுமுன் இயேசு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் வேண்டுகிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, "எல்லாரும் உம்மைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்கிறார்.

என் நாக்கு அங்கே நின்றது. எப்படி நிற்காமல் இருக்கும்? முந்தின நாள் போனில் எடுக்காத அழைப்பு மட்டும் 14.

இனி அந்த வரியை அசைபோட வேண்டும். எங்கள் பங்கில் முன்பு இருந்த சாமியார் ஒரு தியானத்தில் சொன்னது: 12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் இருந்த கார்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் கிகோ, வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது மென்று தின்பது, செபிப்பது அதில் ருசியை எடுப்பது என்று எழுதி வைத்திருக்கிறாராம். நாலாவதாக, ஒன்றும் பேசாமல் அந்த இனிப்பிலேயே இருப்பது. நமக்கு இதைப் புரிந்துகொள்ள பிரான்ஸ் வரை போக வேண்டியதில்லை. மத்தியானம் வேப்ப மரத்தடியில் படுத்திருக்கிற மாட்டைப் பார்த்தால் போதும்.

அசைபோடும்போது வசனத்திடம் கேள்வி கேளுங்கள். அன்றைக்கு நான் கேட்டது: அந்த மாமியார் காய்ச்சல் விட்ட கையோடு எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்கிறாரே, ஒருநாள் படுத்திருக்க விடக்கூடாதா? உண்மையாகவே எரிச்சல் வந்தது. வரட்டும், எரிச்சலையும் அடக்க வேண்டாம். திரும்பப் படித்தபோது வரிசை கண்ணில் பட்டது. முதலில் இயேசு கிட்டே போகிறார். கையைப் பிடிக்கிறார். தூக்கிவிடுகிறார். காய்ச்சல் போகிறது. வேலை கடைசியில்தான். நானோ வேலையை முதலில் வைத்து, கையைப் பிடிப்பதற்கு நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று இருந்தேன். இன்னொன்றும் பட்டது. எல்லாரும் தேடுகிறார்கள் என்றதும் இயேசு அந்த வாசலுக்குத் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார்.

இவ்வளவுக்கும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இப்போதுதான் நாம் பேச வேண்டிய முறை. பேச்சு வசனத்தின் வார்த்தையிலேயே தொடங்கட்டும். அன்றைக்கு நோட்டில் எழுதிய செபம் இது:

"ஆண்டவரே, எல்லாரும் உம்மைத் தேடினார்கள். என்னையும் இன்றைக்கு நிறையப் பேர் தேடி வருவார்கள். நீர் இருட்டோடு எழுந்து தனியாகப் போனீர், நானும் வந்திருக்கிறேன். முதலில் என் கையைப் பிடித்துத் தூக்கும், அப்புறம் நான் கத்தரிக்கோலைப் பிடிக்கிறேன். முடியாததை முடியாது என்று சொல்ல எனக்கு வாய் தாரும். அந்த வாசலில் நோயாளிகள் நின்றார்களே, அவர்களோடு எங்கள் தெருவில் டயாலிசிஸ் போகிற அண்ணனையும், என் அம்மாவையும் நிறுத்துகிறேன். ஆமென்."

கடன், முழங்கால் என்ற பழைய பட்டியலை நான் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். அம்மா உள்ளே வந்துவிட்டார். ஆனால் வாசகம் திறந்துவிட்ட கதவு வழியாக வந்தார். செபம் எழுத உட்காரும்போது மூன்று விஷயம் இருந்தால் போதும் என்பது என் அனுபவம்: இந்த வசனத்தில் அவர் என்ன செய்கிறார், அதில் நான் எங்கே நிற்கிறேன், அதனால் என்ன கேட்கிறேன். கூடவே குறைந்தது ஒருவர் பெயர், என் பெயர் அல்லாமல். அலங்கார வார்த்தை தேட வேண்டாம். 'சர்வ வல்லமையுள்ள' என்று ஆரம்பித்தால் எனக்கு அடுத்த வரி வராது. உங்களுக்கு வந்தால் சரி.

கடைசி இரண்டு நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருங்கள். இதுதான் எனக்கு இன்னமும் கைவராதது. பால்காரர் சைக்கிள் பெல் கேட்டதும் கண் திறந்துவிடும்.

அன்றைக்கு எட்டரை மணிக்கு மூன்று பேரைக் கூப்பிட்டு, பொங்கலுக்குள் முடியாது என்று சொன்னேன். ஒரு அம்மா நன்றாகத் திட்டினார்.

வார்த்தை வராத நாள்

சில நாள் நற்செய்தி மரக்கட்டை மாதிரி இருக்கும். அப்போது மஞ்சள் பட்டிக்குப் போய்விடுங்கள். திருப்பாடலை நாம் செபமாக மாற்ற வேண்டியதே இல்லை, அது செபமாகவே வந்திருக்கிறது. மொத்தம் உள்ள 150 திருப்பாடல்களில் சிரிப்பு, அழுகை, கோபம், பழி எல்லாம் உண்டு. 88-ஐப் படித்துப் பாருங்கள். ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அப்படி முடிகிற செபத்தையும் பைபிளில் வைத்திருக்கிறார்கள்.

தெரிந்த ஒருத்தியிடம் சீட்டுக் கட்டி நாற்பதாயிரம் ரூபாயை இழந்த வருஷம், நான் போய் நின்றது 109-இல். எதிராளியின் நாள்கள் குறையட்டும், பிள்ளைகள் பிச்சை எடுக்கட்டும் என்று வரும். குருக்கள் தினமும் சொல்லும் திருப்புகழ்மாலையில் 58, 83, 109 மூன்றையும் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனாலும் அதை நான் ஒரு வாரம் வாய்விட்டுப் படித்தேன். அவளிடம் போய் மண்ணை வாரித் தூற்றுவதற்குப் பதில் ஆண்டவரிடம் சொன்னேன். எட்டாம் நாள் பிள்ளைகள் பற்றிய வரி வந்தபோது அவளுடைய சின்னப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்து, அந்த இடத்தைத் தாண்டிப் படித்தேன். பணம் திரும்பி வரவில்லை.

பெயர்ப்பட்டியல் வருகிற நாளும் உண்டு. வருஷா வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி மத்தேயுவின் மூதாதையர் பட்டியல்தான் நற்செய்தி. கேக்குக்கு முந்திரி நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுப் போகிற நாள் அது. அதில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நாலு பெண்கள் வருகிறார்கள், ஒவ்வொருவர் பின்னாலும் ஊர் பேசிய கதை ஒன்று. அன்றைக்கு நான் நோட்டில் எங்கள் வீட்டுப் பெண்கள் பெயரை வரிசையாக எழுதுவேன், பாட்டி, பெரியம்மா, ஓடிப்போய்க் கல்யாணம் செய்த சித்தி உட்பட. பெயரைச் சொல்வதே அன்றைய செபம்.

இப்தா தன் மகளைப் பலி கொடுக்கிற கதை போன்றவை வந்தால், எனக்குப் புரியவில்லை ஆண்டவரே என்று எழுதிவிட்டு மூடிவிடுகிறேன். புரிந்த மாதிரி நடிப்பதில்லை.

பகலும் இரவும்

காலையில் நின்ற வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மெஷினில் நூல்கண்டுக்குக் கீழே செருகிவைப்பேன். பாபின் மாற்றும்போதெல்லாம் கண்ணில் படும். பஸ்ஸில் போகிறவர்கள் டிக்கெட்டின் பின்னால் எழுதலாம்.

இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம், அது அத்தை வீட்டுச் சட்டம். இப்போது நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அன்றைய திருப்பாடலை மாற்றி மாற்றி வாசிக்கிறோம், அவர் பழைய வேதாகமத்தில், நான் என்னுடையதில். இது நீங்களும் செய்து பார்க்க வேண்டியது. அவர் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பார். என்னுடையதில் "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை." பழையதில் 'அடையேன்' என்று நாளைக்குப் போகிறது, என்னுடையதில் 'இல்லை' என்று இன்றைக்கே நிற்கிறது. சம்பளம் வராத மாதத்தில் எது சொல்ல எளிது என்று ஒரு இரவு முழுக்கப் பேசினோம். அவர் கட்சி பழையது.

நாள் தவறினால்? தவறும். காய்ச்சல், சாவு வீடு, திருவிழா, சும்மா சோம்பல். விட்ட வாசகங்களைச் சேர்த்துவைத்துப் படிக்க உட்காராதீர்கள். நான் ஒருமுறை பதினோரு நாள் பாக்கியை ஒரே ஞாயிறில் தீர்க்கப் பார்த்து, அடுத்த மூன்று வாரம் பைபிளையே தொடவில்லை. இன்றைய தேதியைத் திறவுங்கள்.

அத்தை காலண்டர் பார்க்க மாட்டார். அவர் கணக்கு சுலபம். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருக்கிறது, தேதி எதுவோ அந்த அதிகாரம், அதோடு ஒரு சங்கீதம். படித்த நாளை ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். அவர் போன பிறகு அந்தப் பைபிளைப் புரட்டினேன். 2009 மார்ச் வரை குறிப்பு இருக்கிறது. அந்த மாதம்தான் மாமா இறந்தார். அதற்கப்புறம் எட்டு மாதம் எங்கேயும் ஒரு தேதி இல்லை. ஒவ்வொரு இரவும் குடும்ப ஜெபத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர், காலையில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை போலிருக்கிறது. பிறகு '14.11.09' என்று மெல்லிசான எழுத்தில் ஒரு குறிப்பு. தேதி பதினாலு என்பதால் பதினாலாம் அதிகாரத்துக்கு எதிரே.